மரை: குறியீடும் வலிமையும்

போல்ட், நட்டு, திருகாணி ஆகியவற்றில் சுருளாக ஓடும் வரியே மரை. ஒரு போல்ட் எந்த நட்டில் ஏறும் என்பதை மரைக் குறியீடும், எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தலையில் பொறித்த எண்ணும் சொல்லும். கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுகிறார்.

பட்டறைக்கொரு மரை என்றிருந்த நிலையை மாற்றியவர் மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த். 1841இல் அவர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. ஆத்தங்குடி, காரைக்குடி வட்டாரத்தில் பர்மாத் தேக்கும் சீமை இரும்பும் கொண்டு பெரிய வீடுகள் எழும்பிய காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் புழங்கியது இதுதான். அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கும் நம் தச்சருக்கு அரை அங்குல போல்ட் '4 நூல் போல்ட்'. அந்தப் பேச்சு இன்னும் ஹார்டுவேர் கடைகளில் இருக்கிறது.

1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை மரையை முன்வைத்தார். தொல்லை அங்கே தொடங்கியது. அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 வரி, அமெரிக்க மரைக்கு 13. கையால் திருகினால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். இரண்டாம் உலகப் போரில் பட்ட பாட்டுக்குப் பிறகே, 1940களின் இறுதியில், அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் பொது மரைக்கு உடன்பட்டன.

இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைக்கு வந்தது. எம் 10 × 1.25 என்றால் விட்டம் 10 மி.மீ., வரிக்கு வரி 1.25 மி.மீ. வெறும் எம் 10 என்றால் வழக்கமான 1.5 மி.மீ. இடைவெளி.

வலிமையைச் சொல்வது 4.6, 8.8, 10.9 போன்ற எண்கள். 8.8இல் முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையைக் குறிக்கும்; இரண்டாவது 8, அதில் 0.8 பங்கைக் குறிக்கும், அதாவது 640ஐத் தாண்டினால் போல்ட் நீண்டுவிடும், பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஒரே எம் 10 அளவில் 4.6 தரம் சுமார் 2.3 டன் வரையும், 8.8 தரம் 4.7 டன் வரையும் அறாமல் நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

தமிழகத்தில் உயர்வலிமை போல்ட்டுகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்; 1966இல், சென்னையை அடுத்த பாடியில். துரு, மின்முலாம் பற்றிய ஆய்வுக்கு 1953 முதல் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. துருவைத் தடுக்கப் பூசும் முலாமும் போல்ட்டின் வலிமையும் எளிதில் ஒத்துப்போவதில்லை. 10.9, 12.9 போன்ற கடினமான போல்ட்டுகளுக்குத் துத்தநாக மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். முடுக்கிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ தலை தெறிக்கக்கூடும். ஆகவே முலாம் பூசிய கையோடு 200 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடேற்றி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள்.