ரூபாய்க்குப் பத்துப் பைசா

வீட்டு வரி ரசீதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம். அந்தத் தொகைக்குள் நூலக வரி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா. எனக்குச் சொந்த வீடு இல்லை. இருந்தாலும் நானும் கட்டுகிறேன். வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார்.

இந்தப் பத்துப் பைசாவின் பூர்விகம் சீர்காழி. அங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். ஆளரவமற்ற அந்த அறையில் சில நாள்கூட அவரால் உட்கார முடியவில்லை. பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார். பிறகு நூலகப் படிப்புக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பொது நூலகங்களில் பிள்ளைகளும் தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் வந்து போவதைப் பார்த்த பிறகு, கணக்கு வகுப்பை மறந்தே போனார்.

1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சி அது. அழகான காரியம்தான். ஆனால் ஒருவருடைய ஆர்வத்தில் ஓடும் வண்டி, அவர் களைத்தால் நின்றுவிடும். எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால்தான் நிற்காது என்பது ரங்கநாதனின் கணக்கு. 1933-ல் சென்னை சட்டமன்றத்துக்கு வந்த நூலக மசோதா சட்டமாகாமலே போனது. 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். அணா, தம்பிடிக் காலத்தில் பிறந்த வரி, பைசாவாகி, மெல்ல மெல்ல ஏறி இன்றைய பத்தில் வந்து நிற்கிறது.

நாம் கட்டியதும் பைசா நேரே நூலகத்துக்குப் போய்விடாது. ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். நடைமுறையில் பல உள்ளாட்சிகள் ஆண்டுக்கணக்கில் பாக்கி வைக்கின்றன. சாலைக்கும் சாக்கடைக்கும் இல்லாத பணமா என்று அவர்கள் கேட்கலாம். நியாயமில்லை, அது அவர்கள் பணமே அல்ல.

தப்பிப் பிழைத்து வந்து சேரும் பைசா என்னவாகிறது? எங்கள் கிளை நூலகத்துக்குக் காலையில் போனால் தெரியும். முதலில் அது நாளிதழ். வேட்டியும் கண்ணாடியுமாக நாலைந்து பெரியவர்கள் ஒரே பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நடுப்பக்கம் யாரிடம் என்பதில் தினமும் ஒரு சிறு பூசல். பத்து மணிக்கு மேல் அது மின்விசிறி. அதன் அடியில் இடம் பிடிக்க, குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிடுவார்கள். அவர்களில் பலர் அலமாரிப் பக்கம் போவதே இல்லை. சொந்தப் புத்தகம், சொந்தக் குறிப்பேடு. படிக்க வீட்டில் இடம் இல்லை என்பதால் வருகிறார்கள். இதையும் நூலகப் பயன்பாடு என்று சொல்லலாமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லலாம் என்பேன். ஒரு பெண், யாரும் குறுக்கே வேலை ஏவாத ஆறு மணி நேரத்தை இந்த ஊரில் வேறெங்கே காசில்லாமல் வாங்க முடியும்?

மாலையில் படக்கதை தேடி வரும் பிள்ளைகள். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டம். பேச்சாளர், பத்துப் பேர், சுண்டல். சுண்டலுக்கு வரி உதவாது. அது நூலகரின் கைக்காசு.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இதே காட்சிதான், பல மாடி உயரத்தில். பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, குழந்தைகள் பகுதியில் ஒரு செயற்கை மரம், சொந்த நூல் கொண்டுவந்து படிப்போருக்குத் தனிக்கூடம். 2011-ல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்குவோம் என்று அரசு அறிவித்தபோது வழக்குத் தொடர்ந்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. மதுரை நத்தம் சாலையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இந்தப் பெரிய கட்டடங்களை எழுப்பியது அரசுப் பணம். நம் பத்துப் பைசாவுக்கு அவ்வளவு உயரம் இல்லை. அது தெருமுனைக் கிளை நூலகத்தின் வாடகையாக, டியூப்லைட்டாக, உடைந்த நாற்காலிக்குப் போட்ட புதுக் காலாக இருக்கிறது.

அடுத்த முறை வரி கட்டும்போது, நூலகப் பங்கை ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிட்டீர்களா என்று அந்த ஜன்னலிலேயே ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு உங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.