எஞ்சினும் மோட்டாரும்: ஒரு நூற்றாண்டுப் போட்டி



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டதும், ஈ.சி.ஆர். பஸ், நெம்மேலிக் கடற்காற்று என்று பழைய நினைவுகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு வேறு ஒரு நாளுக்குப் போய்விட்டது.

2020-ஆம் ஆண்டு. மறைமலைநகர்ப் பக்கம் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் டீசல் எஞ்சினுக்கான ஒரு லைன் நின்றுபோனது. அதில் நம் கல்லூரி ஜூனியர்கள் மூன்று பேர் ஒப்பந்த வேலையில் இருந்தார்கள். கடைசி நாளன்று ஒருவன் கேட்டான்: "அண்ணா, நாம படிச்சது எஞ்சின்தானே? நாளைக்கு எஞ்சினே வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றது?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கான பதில்.

மின்சாரக் கார் புதுசு என்று பலர் நினைக்கிறார்கள். 1900 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் சுமார் மூன்றில் ஒன்று மின்சாரக் கார்தான்! 1912-இல் காடிலாக் கார்களில் செல்ப் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுற்றும் தொல்லை தீர்ந்ததால் பெட்ரோல் எஞ்சின் வென்றது. எஞ்சினை ஜெயிக்க வைத்ததே ஒரு சின்ன மின் மோட்டார்தான் என்பது வேடிக்கை.

நம் நாட்டிலும் முயற்சி நடந்தது. 1993-இல் 'லவ்பர்ட்' என்ற இரண்டு பேர் செல்லும் மின்சாரக் கார் அறிமுகமானது. கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் தயாரான வண்டி அது. ஈய பாட்டரி, ஒரு சார்ஜுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். யோசனை நல்லதுதான். ஆனால் அன்று பாட்டரியும் கைகொடுக்கவில்லை, சட்டமும் கைகொடுக்கவில்லை. வண்டி மறைந்துபோனது.

பின்னால் இந்த இரண்டுமே மாறின. முதலில் சட்டம். 1990-இல் கலிபோர்னியா, 1998 முதல் பெரிய கம்பெனிகள் விற்கும் கார்களில் 2 சதவிகிதம் புகையே விடாதவையாக இருக்கவேண்டும் என்று விதி போட்டது. கம்பெனிகள் எதிர்த்ததால் விதி தளர்ந்தது, ஆராய்ச்சி நிற்கவில்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா 'பிரியஸ்' ஹைபிரிட் வந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மோட்டார் மின்சாரமாக்கிச் சேமிக்க, எஞ்சினின் பாரம் குறைகிறது.

அடுத்தது பாட்டரி. 2010-இல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பாட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2024-இல் சராசரி விலை சுமார் 115 டாலர்தான்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.4-லிருந்து நேராக பி.எஸ்.6-க்குத் தாவினோம். சின்ன டீசல் எஞ்சினை மாற்றும் செலவு கட்டுப்படியாகாமல் மாருதி டீசல் கார்களையே நிறுத்தியது.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. 2022-23 முதல் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் வெளியீடு கிலோமீட்டருக்குச் சுமார் 113 கிராமுக்குள் இருக்கவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தலா 125 கிராம் விடும் பத்துக் கார் விற்றால் தோல்வி. அதில் ஒன்று மட்டும் மின்சாரக் காரானால் சராசரி 112.5, பாஸ்! அந்த ஒன்றை மூன்றாக எண்ணவும் விதி இடம் தருகிறது. அப்போது சராசரி 94-க்கும் கீழே. ஹைபிரிடை இரண்டாக எண்ணலாம். மின் வண்டிக்கான ஜி.எஸ்.டி.யும் 2019 ஆகஸ்டில் 12-லிருந்து 5 சதவிகிதமானது. ஆக, கம்பெனிகள் மாறுவது சுற்றுச்சூழல் பாசத்தால் மட்டுமல்ல. சட்டத்தின் தேதியும் கணக்குப் புத்தகமும் தள்ளுகின்றன.

நம் வட்டாரத்தையே பாருங்கள். மறைமலைநகர் போர்டு ஆலையில் 1999-இல் 'ஐகான்' தயாரானது; 2022-இல் கார் உற்பத்தி நின்றது. அதற்குக் காரணம் மின்சாரக் கார் அல்ல, தொடர் நஷ்டம். அதே இடத்தில் சுமார் 3,250 கோடி ரூபாயில் புதிய எஞ்சின்கள் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் மின்கார் ஆலை திறந்தது. இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில்!

எனவே தம்பி, எஞ்சின் நாளைக்கே செத்துவிடாது. ஹைபிரிடுக்கும் எஞ்சின் வேண்டும். ஆனால் முழு மின்காரில் பிஸ்டன், இன்ஜெக்டர், சைலன்சர் மூன்றுக்கும் வேலை இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இருக்கும். பாட்டரியைக் குளிர்விக்கவும் ஆள் வேண்டும். வெப்பவியல் படித்தது வீண்போகாது. அதோடு மோட்டாரும் கன்ட்ரோலரும் படித்துக்கொள். முக்கியமாக, விதி அமலாகும் தேதியைப் பார்த்து வை. 2020 ஏப்ரல் 1 வரும் என்று 2016-லேயே அரசு அறிவித்திருந்தது. நாங்கள்தான் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

அந்த மூவரில் ஒருவன் இப்போது பாட்டரிப் பிரிவில் இருக்கிறான். மற்ற இருவரும் இந்தச் சந்திப்புக்கு வந்தால், என்னைத் தேடி வந்து பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வளர்க நம் கல்லூரி!