ஓர் எளிய உணவின் வரலாறு

நான் வரலாறு கற்பித்து வந்த நாட்களில், புதிய வகுப்பினரிடம் ஒரு வினாவை விடுப்பது வழக்கம். நேற்றிரவு உங்கள் வீட்டுக் குழம்பில் சேர்ந்த பண்டங்களுள் எவையெவை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டில் இருந்தன என்பதே அவ்வினா. புளி இருந்தது, மிளகு இருந்தது, வெங்காயம் இருந்தது. ஆனால் மிளகாயும் தக்காளியும் இல்லை. அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை என்று சொன்னவுடன் வகுப்பறையில் ஒரு சலசலப்பு எழும். போர்க்களத்திலும் அரண்மனையிலும் மட்டுமே வரலாறு நிகழ்கின்றது என்ற எண்ணம் அன்றே சிறிது தளரத் தொடங்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நம் உணவன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இல்லங்களில் இரவு வேளைகளில் செய்யப்படும் ஓர் எளிய உணவு. அதனை ‘ஸ்லாப்பி ஜோ’ என்பர். கொத்துக்கறியைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்து, வட்டமான மெதுவான பன்னைப் பிளந்து அதனுள் நிரப்பி உண்பதே அது. கறி ஆட்டினது அன்று, மாட்டினது. நம்மில் பலர் அதனை உண்பதில்லை. ஓர் உணவின் வரலாற்றை அறிவதற்கு அதனை உண்டாக வேண்டும் என்னும் நியதி இல்லை.

அயல்நாட்டு உணவொன்றை ஏன் எடுத்துக்கொண்டேன் எனின், காரணம் இதுதான். நம் சோறும் குழம்பும் மிகப் பழமையானவை. அவற்றின் வேர்கள் ஆழத்தில் மறைந்துள்ளன. ஸ்லாப்பி ஜோவுக்கோ ஏறத்தாழ நூறாண்டே வயது. இளஞ்செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் கண்ணுக்குப் புலனாவது போல, ஓர் உணவு எவ்வாறு பிறக்கின்றது என்பதை இதனிடத்தே தெளிவாகக் காணலாம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். ‘ஸ்லாப்பி’ என்றால் அலங்கோலமான, ஒழுங்கற்ற என்று பொருள். ‘ஜோ’ என்பது நம் ஊரில் முனியன், மாரி என்பன போன்று அங்கே எளிய மனிதனுக்கு வழங்கும் பெயர். உண்ணும்போது கறி பன்னிலிருந்து வழிந்து கையிலும் சட்டையிலும் சிந்தும். ஆகவே இப்பெயர் பொருத்தமானதே. ஆனால் அந்த ஜோ யார்? இங்குதான் வழக்கு எழுகின்றது.

கியூபாவின் தலைநகராகிய ஹவானா ஒரு வாதி. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் அமெரிக்கர் பலர் அருகிலுள்ள கியூபாத் தீவுக்குச் சென்று களித்தனர். ஹவானாவில் ஹோசே என்னும் ஸ்பானியர் நடத்திய ‘ஸ்லாப்பி ஜோஸ்’ என்னும் மதுக்கடை அவர்களிடையே பெரும் புகழ் பெற்றது. ஹோசே என்ற ஸ்பானியப் பெயரே ஆங்கிலத்தில் ஜோ ஆயிற்று. இரண்டாம் வாதி ஃபுளோரிடா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் என்னும் ஊர். 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது ஜோ ரஸ்ஸல் என்பவர் அங்கே ஒரு கடை திறந்தார். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே அங்கு வழக்கமாகச் செல்பவர். அக்கடைக்கும் ஹவானாக் கடையின் பெயரே வைக்கப்பட்டது.

மூன்றாம் வாதி, நாட்டின் நடுப்பகுதியிலுள்ள அயோவா மாநிலம். அங்கே சூ சிட்டி என்னும் நகரில் 1920-களிலேயே, கொத்துக்கறியை வடையாகத் தட்டாமல் உதிரியாகவே வேகவைத்துப் பன்னில் வைத்து விற்றனர். அதே மாநிலத்தின் மஸ்கட்டீன் நகரில் 1926-இல் தொடங்கிய ‘மெய்ட்-ரைட்’ என்னும் கடையும் இவ்வுணவாலேயே பெயர் பெற்றது. ஆனால் அந்த உதிரிக்கறியில் தக்காளிச் சாறு இல்லை. ஜோ என்னும் சமையற்காரர் ஒருவர் தக்காளியைச் சேர்த்தார் என்று அவ்வூரார் கூறுவர். நான்காவதாக நியூ ஜெர்சி மாநிலத்தாரும் ஸ்லாப்பி ஜோ என்று ஒன்றை உண்கின்றனர். அதுவோ மூன்று ரொட்டித் துண்டுகளுக்கிடையே குளிர்ந்த இறைச்சியும் முட்டைக்கோஸ் கலவையும் அடுக்கியது. பெயர் ஒன்று, பொருள் வேறு!

மாணவச் செல்வங்களே, இந்த வழக்கில் நீதிபதியின் இருக்கையில் உங்களை அமர்த்தினால் என்ன தீர்ப்புக் கூறுவீர்கள்? ஹவானாவும் கீ வெஸ்டும் பெயருக்குச் சான்று தருகின்றன. ஆனால் தக்காளியில் வெந்த கொத்துக்கறி அங்கே பிறந்தது என்பதற்குச் சான்றாகா. அயோவா உணவுக்குச் சான்று தருகின்றது. ஆனால் அதன் சமையற்காரர் ஜோவுக்குச் செவிவழிச் செய்தியே ஆதாரம். மேலும் அக்காலத்து அமெரிக்காவில் மலிவான உணவுக்கடைகளையும் ‘ஸ்லாப்பி ஜோ’ என்று சொல்வதுண்டு. 1940-களில் கல்லூரிப் பெண்கள் அணிந்த தொளதொளப்பான கம்பளிச் சட்டைக்கும் அதுவே பெயர். ஆகவே ஒழுங்கற்றதாயினும் இதமான எதற்கும் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஒரு பெயராக அது ஊரெங்கும் உலவிக்கொண்டிருந்தது. பெயரின் வரலாறு வேறு, பொருளின் வரலாறு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாறு பயில்வோர் விழிப்புடன் தவிர்க்க வேண்டிய பிழையாகும்.

அவ்வாறாயின் யார் கண்டுபிடித்தார் என்ற வினாவை ஒருபுறம் வைத்துவிட்டு, எது இதனைச் சாத்தியமாக்கியது என்று கேட்போம். அப்போது கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

முதலாவது இறைச்சி. 1865-இல் சிகாகோ நகரில் மிகப் பெரிய கால்நடைச் சந்தை ஒன்று திறக்கப்பட்டது. மேற்குச் சமவெளிகளில் மேய்ந்த மாடுகள் இரயிலேறி அங்கு வந்தன. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டப்பட்ட இரயில் பெட்டிகளில் இறைச்சி தொலைவிலுள்ள நகரங்களுக்குச் செல்லலாயிற்று. விலை தாழ்ந்தது; தொழிலாளர் இல்லங்களுக்கும் இறைச்சி எட்டியது. உயர்ந்த பகுதிகள் செல்வர் மேசைக்குச் சென்றன. கடினமான பகுதிகளும் துண்டுகளும் கையால் சுழற்றும் அரைக்கும் இயந்திரத்தில் நுழைந்து கொத்துக்கறியாயின. அக்கறியை வடையாகத் தட்டி உண்ணும் ‘ஹாம்பர்கர்’, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரின் பெயரைத் தாங்கியது.

இரண்டாவது சாறு. இதன் பயணம் மிகவும் சுவையானது. தக்காளி, தென்னமெரிக்காவில் தோன்றி மெக்சிகோவில் பயிராகிய செடி. ‘கெச்சப்’ என்னும் சொல்லோ தென்சீனத்தின் ஹொக்கியன் மொழியில் உப்பிட்ட மீன் சாற்றைக் குறித்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் வாணிகம் செய்த ஆங்கிலேயர் அச்சுவையை விரும்பித் தம் நாட்டில் காளான், அக்ரூட் முதலியவற்றைக் கொண்டு அதனைப் போலச் செய்து பார்த்தனர். அமெரிக்காவில் 1812-இல் ஜேம்ஸ் மீஸ் என்பவர் தக்காளியைக் கொண்டு கெச்சப் செய்யும் முறையை வெளியிட்டார். 1876-இல் ஹெயின்ஸ் நிறுவனம் அதனைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. சீனச் சொல், மெக்சிகோக் கனி, அமெரிக்கப் புட்டி!

நமக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. ஸ்லாப்பி ஜோவில் பலர் ‘வூஸ்டர் சாஸ்’ என்னும் கறுப்பு நிறச் சாற்றைச் சில துளி சேர்ப்பர். இங்கிலாந்தில் 1837-இல் விற்பனைக்கு வந்த அச்சாற்றின் உறுப்புகளுள் ஒன்று புளி. ஆங்கிலத்தில் புளிக்கு வழங்கும் பெயரே ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்தது. அமெரிக்க நாட்டுப் பன்னிடையே நம் புளியின் நிழல் படிந்திருப்பதை அங்கு உண்போருள் எத்தனை பேர் அறிவர்?

மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம் தட்டுப்பாடு. 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. தொடர்ந்து பெருமந்தம் நாட்டைப் பிடித்தது. 1933-இல் உழைப்பாளர் நால்வருள் ஏறத்தாழ ஒருவருக்கு வேலையில்லை. குடும்பத் தலைவியின் கையில் அரைக் கிலோவுக்கும் குறைந்த கொத்துக்கறி. மேசையைச் சுற்றி ஆறு பேர். வடையாகத் தட்டினால் நால்வருக்குக்கூடச் சரியாக வராது. அதனையே உதிர்த்து, வெங்காயமும் சாறும் சேர்த்துப் பெருக்கினால் அனைவர்க்கும் உண்டு. மேலும் வடையென்றால் ஒன்று குறைவது கண்ணுக்குத் தெரியும். உதிரிக்கறியில் தாய் தனக்கு எடுத்துக்கொண்ட அளவு யாருக்கும் தெரியாது.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்முனைக்கும் நேச நாடுகளுக்கும் இறைச்சி அனுப்ப வேண்டியிருந்ததால், 1943 மார்ச்சு முதல் 1945 நவம்பர் வரை அமெரிக்காவில் இறைச்சிப் பங்கீடு நிலவியது. ஒவ்வொருவருக்கும் பங்கீட்டுப் புத்தகம் வழங்கப்பட்டது; பணத்துடன் சிவப்பு நிறப் புள்ளிகளையும் கொடுத்தே இறைச்சி வாங்க இயலும். உயர்ந்த துண்டுகளுக்குப் புள்ளிகள் மிகுதி, கொத்துக்கறிக்குக் குறைவு. சிறிதளவு இறைச்சியைப் பெருக்கிச் சமைப்பது எவ்வாறு என்று சிற்றேடுகள் அறிவுரை கூறின. போர் முடிந்தபின் 1946-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பெருங்கூட்டத்திற்குச் சிக்கனமாகச் சமைப்பதற்கு ஏற்ற ஸ்லாப்பி ஜோ பள்ளி உணவுக்கூடங்களில் நிலையான இடம் பெற்றது. மதிய உணவின் அருமையை நம் நாட்டு மாணவர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அயோவாவில் பணிபுரியும் என் மகன் இல்லத்தில் இரண்டு திங்கள் தங்கியிருந்தேன். அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர், நான் புலால் உண்ணாதவன் என்பதறிந்தும், வரலாற்று ஆசிரியர் என்று கேள்வியுற்றுத் தம் சமையலைக் காண அழைத்தார். கனத்த இருப்புச்சட்டியில் கொத்துக்கறியை நிறம் மாறும்வரை வதக்கி, மிகுந்த கொழுப்பை வடித்தார். பொடியாக அரிந்த வெங்காயம், குடைமிளகாய், பூண்டு ஆகியவற்றைச் சேர்த்தார். பின்னர் ஒரு கோப்பை கெச்சப், சிறிது கடுகு விழுது, ஒரு கரண்டி பழுப்புச் சர்க்கரை, சில துளி வூஸ்டர் சாஸ். இருபது நிமிடம் சிறு தீயில் வைத்தால் சாறு வற்றிக் கறியைப் பற்றிக்கொள்ளும் என்றார். இடையே ஒரு கைப்பிடி ஓட்ஸைத் தூவினார். அது எதற்கு என்று வினவினேன். தம் தாயார் அவ்வாறு செய்வார் என்பதே அவர் விடை. சமையற்குறிப்பு எழுதிய அட்டையிலும் ஓட்ஸ் இல்லை. கையில் மட்டுமே இருந்தது. பங்கீட்டுப் புத்தகம் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், கறியைப் பெருக்கிய அந்தப் பழைய கைவழக்கம் மகளின் விரல்களில் தங்கியிருந்தது. எந்த ஆவணக் காப்பகத்திலும் நான் அதனைக் கண்டிருக்க முடியாது. அதே சாற்றில் எனக்கெனப் பருப்பை வேகவைத்துப் பன்னில் இட்டுத் தந்தார். கை முழுதும் வழிந்தது; பெயரின் பொருத்தம் நன்கு விளங்கிற்று.

1969-இல் இச்சாற்றைத் தகர டப்பாவில் அடைத்து ‘மேன்விச்’ என்னும் பெயரில் விற்கத் தொடங்கினர். கறியை வதக்கி டப்பாவைத் திறந்து ஊற்றினால் உணவு ஆயிற்று. வேலைக்குச் சென்று திரும்பும் தாய்மார்க்கு அது பேருதவியே. அதனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் டப்பாவில் எல்லா வீட்டுச் சுவையும் ஒன்றே. அதில் எந்தத் தாயின் ஓட்ஸும் இல்லை. இன்றும் சிலர் வீட்டிலேயே சாறு கூட்டுகின்றனர் எனின், அது நாவின் பொருட்டு மட்டுமன்று. தம்மை வளர்த்தவர்களின் நினைவின் பொருட்டுமாகும்.

இவற்றால் நாம் அறிவது யாது? ஜோ என்னும் ஒருவர் பெயர் நிலைத்தது. அவர் யார் என்று நான்கு ஊர்கள் வழக்காடுகின்றன. ஆனால் பஞ்ச காலத்திலும் போர்க் காலத்திலும் சிறிதளவு கறியை ஆறு தட்டுகளுக்குப் பங்கிட்ட பெண்டிரின் பெயர்களைக் கேட்டு எந்த ஊரும் வழக்காடவில்லை. உணவை உருவாக்கியது ஒருவரின் மேதைமையன்று, பலருடைய தேவை. கடைக்காரன் பெயர்ப்பலகை மாட்டினான், ஆகவே அவன் பெயர் எஞ்சியது. அடுக்களைக்குப் பெயர்ப்பலகை இல்லை.

மாணவர்களே, எளியவர்களின் வரலாறு தானாகக் கல்வெட்டில் ஏறுவதில்லை; எழுதுவோர் இல்லாவிடில் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். உங்கள் இல்லத்து முதியோரிடம் இரண்டு வினாக்கள் கேளுங்கள்: அரிசி கிடைக்காத காலத்தில் என்ன சமைத்தீர்கள்? யாரிடம் கற்றீர்கள்? கேட்ட விடையை, ஆண்டையும் ஊரையும் குறித்து, ஒரு ஏட்டில் எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரை மறவாமல் எழுதுங்கள்.