கடல் இல்லாத ஊரில் ஒரு உப்பு வியாபாரி

"லீவுக்கு எங்கே போகலாம்?" என்று மதுரைக்காரர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மீனாட்சியம்மன் கோயில், மஹால், அழகர்கோயில். கையில் கொஞ்சம் காசு இருந்தால் கொடைக்கானல். அதோடு லிஸ்ட் முடிந்தது. சென்னைக்காரனுக்கு மெரினா இருக்கு, தூத்துக்குடிக்காரனுக்கு ஹார்பர் இருக்கு, நமக்கு என்ன இருக்கு, வெயிலும் பாறையும்தானே என்று சலித்துக் கொள்பவர்கள்தான் அதிகம். இந்தக் கட்டுரை அந்தப் பாறையைப் பற்றியது.

பசுமலையில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெற்கே திருப்பரங்குன்றம் தெரியும். மேற்கே நாகமலையும் சமணர் மலையும். ஊரைத் தாண்டி வடகிழக்கே போனால் யானைமலை, அதற்கும் அப்பால் அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி. மதுரையைச் சுற்றி மட்டும் பத்துக்கும் மேற்பட்ட மலைகளில் இரண்டாயிரம் வருடப் பழமையான தமிழ் பிராமி கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரைச் சுற்றியும் இவ்வளவு நெருக்கமாகக் கிடையாது. ஆனால் டவுன் பஸ்ஸில் தினமும் அந்த மலைகளைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் ஏறிப் பார்த்திருப்பார்கள்?

அங்கே என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் இயற்கையான குகைதான். தரையில் பாறையை வழவழவென்று செதுக்கி, தலைமாட்டில் கொஞ்சம் மேடு விட்டு, படுக்கை செய்திருப்பார்கள். மேடுதான் தலையணை! அங்கே தங்கியவர்கள் சமணத் துறவிகள். குகை வாசலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மழைத் தண்ணீர் பாறை வழியாக உள்ளே இறங்காமல் காடியில் தடுபட்டு வெளியே சொட்டிவிடும். சிமெண்ட் இல்லை, தகரம் இல்லை, இன்றைக்கும் அது வேலை செய்கிறது. கல்வெட்டு பல இடங்களில் அந்தக் காடிக்குக் கீழேதான் இருக்கும்.

கல்வெட்டு என்றதும் ராஜா, போர், மெய்க்கீர்த்தி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரே வரிதான். யார், எந்த ஊர், என்ன தொழில், என்ன கொடுத்தார், அவ்வளவுதான். காமர்ஸ் படிப்பவர்கள் பார்த்தால் இது ஒரு நன்கொடை ரசீது என்று உடனே சொல்லி விடுவார்கள். பேப்பருக்குப் பதில் பாறை.

அழகர்மலையில் (கிடாரிப்பட்டிப் பக்கம் ஏற வேண்டும்) இந்த ரசீதுகள் ஒரு சந்தைத் தெரு மாதிரி வரிசையாக இருக்கின்றன. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் வெட்டியவை. மதுரைப் பொன்கொல்லன் ஒருவர். அறுவை வணிகன், அதாவது துணிக்கடைக்காரர். கொழு வணிகன், ஏரில் மாட்டும் இரும்புக் கொழு விற்றவர். பாணித வணிகன், பாகு விற்றவர். அப்புறம் ஒரு உப்பு வணிகன். மதுரையில் உப்பு விளையாது. கடற்கரையில் விளைந்து வண்டி கட்டி வந்திருக்க வேண்டும். கடலே இல்லாத ஊரில் கடலை விற்றுச் சம்பாதித்த ஒரு ஆள், அந்தக் காசில் ஒரு பகுதியை முகம் தெரியாத துறவி தூங்குவதற்கு ஒரு கல்படுக்கையாகப் போட்டிருக்கிறார். அந்தக் காலத்து ராஜாக்களில் பலருடைய பெயர் கூட நமக்குக் கிடைக்கவில்லை. உப்பு வியாபாரி கிடைத்து விட்டார்!

மதுரைக்குத் துறைமுகம் இல்லை என்பது பாதிதான் உண்மை. துறைமுகங்கள் தள்ளி இருந்தன. தாமிரபரணி முகத்தில் கொற்கை, முத்து வந்த இடம். வைகை முகத்தில் அழகன்குளம், அங்கே ரோமானியக் காசுகள் அகழாய்வில் கிடைத்தன. இரண்டும் பாண்டிய நாட்டுக்குத்தான் சரக்கு இறக்கின. அந்தப் போக்குவரத்தின் தடயம் திருப்பரங்குன்றத்து மலையிலேயே இருக்கிறது. அங்கே உள்ள ஒரு கல்வெட்டு எருக்காட்டூரில் குடியிருந்த ஒரு ஈழக் குடும்பத்தலைவரைக் குறிக்கிறது. கடல் தாண்டி வந்த குடும்பம், இங்கே ஊர் ஊராகக் குடியேறி, மலையில் தானமும் செய்திருக்கிறது. பசுமலையிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே மலையில்!

மாங்குளம் இன்னும் பழசு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். ராபர்ட் சீவல் 1882லேயே இந்தக் கல்வெட்டுகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்து விட்டார். ஆனால் அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924ல் சொல்லும்வரை யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அதில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை 1960களில் ஐராவதம் மகாதேவன் வாசித்துக் காட்டினார். அதாவது கண்டுபிடித்ததற்கும் முழுசாகப் படித்ததற்கும் நடுவில் ஏறக்குறைய எண்பது வருடம். அந்த நெடுஞ்செழியனின் அதிகாரி பெயர் கடலன் வழுதி. பெயரிலேயே கடல்! அங்கேயே "வெள்ளறை நிகமம்" என்று ஒரு அமைப்பும் வருகிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. இன்றைய சேம்பர் ஆஃப் காமர்ஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஈரோடு பக்கம் கொடுமணலில் கிடைத்த பானை ஓட்டிலும் இதே சொல் இருக்கிறது. ஏட்டில் படிக்கும் "வணிகச் சங்கங்களின் தோற்றம்" பாடம் ஐரோப்பாவிலிருந்து தொடங்குவது ஏன் என்று தெரியவில்லை.

இவ்வளவும் ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதோ தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான் பிரச்சினை. தெரியாத பொருளுக்கு விலை வேறொருவன் வைப்பான். மதுரை மலைகளுக்கு கிரானைட் என்று விலை வைத்தார்கள். மேலூர் பக்கம் மலைகள் துண்டு துண்டாக லாரியில் ஏறின. 2012ல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2010ல், யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் பேசப்பட்டது. யானைமலை என்றால் சும்மா ஒரு பாறை இல்லை. கி.பி. 770ல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி அங்கே நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார். வேலை முடியும் முன்பே இறந்து போக, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். மலையடிவார ஊர்களின் மக்கள் திட்டத்தை எதிர்த்து நின்றார்கள். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் அதைப் பற்றி எழுத, படித்தவர்கள் மலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படிக் கிளம்பியதுதான் "பசுமை நடை". ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூடி ஒரு மலைக்கு நடப்பது, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டை வாசித்து விளக்குவது, இறங்கி வந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. விரல் விட்டு எண்ணும் கூட்டம் நூற்றுக்கணக்கில் வளர்ந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு, கைத்தடியோடு வந்தவர்களும் உண்டு.

அவர்கள் போன இடங்களில் கீழக்குயில்குடி சமணர் மலை முக்கியமானது. பசுமலையிலிருந்து பக்கம்தான். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். செட்டிப்புடவில் பெரிய தீர்த்தங்கரர் சிலை. ஊர்க்காரர்களுக்கு அவர் "செட்டியார்". மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் மதுரை மலைகளில் பல இடங்களில் வரும். இங்கே அவருடைய அம்மா குணமதியார் பெயரும் இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்தவருக்கும் அம்மா பெயர் மட்டும் விடவில்லை போல...

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மலைகளைக் காப்பாற்றியது நடக்கப் போனவர்கள் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் அதிகம். யானைமலையில் முதலில் நின்றது கிராமத்துக்காரர்கள். அரிட்டாபட்டியிலும் அப்படித்தான். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ல் மேலூர் பகுதி மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடக்கப் போனவர்கள் செய்தது வேறு. அந்த மலையின் பெயரைச் சொன்னதும், "ஆமா, நான் பார்த்திருக்கேன்" என்று சொல்ல டவுனுக்குள்ளும் கொஞ்சம் பேர் இருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: சமணர் மலையில் தொடங்குவது சுலபம், படி இருக்கிறது. வெயிலுக்கு முன்பே ஏறி விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். மேலே கடை கிடையாது, தண்ணீர் பாட்டில் அவசியம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். அழகர்மலைக்கு ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டு வழி தெரிந்து கொண்டு ஏறுங்கள், உப்பு வணிகனின் வரி அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது.