‘அம்மா’ எத்தனை பைட்?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தந்த கடிதங்களையும் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து, தமிழிலேயே பெயரிட்டுச் சேமித்து வருகிறேன். கோப்புகள் இருப்பது இன்னொரு கணினியில். இரண்டையும் இணைப்பது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறைமை.

கோப்பின் பெயரைத் தாங்கிச் செல்லும் செய்திக்கு மென்பொருள் முன்கூட்டியே நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. அதுவே பஃபர். எழுத்துகளை எண்ணி அதன் அளவைக் கணிக்க முடியாது. ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து. யுனிகோட்டில் ஐந்து குறிகள். யுடிஎப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 15. என்எப்எஸ் எதையும் 4 பைட் கட்டங்களாகவே அனுப்பும் என்பதால் 1 பைட் நிரப்பி 16. நீளத்தைச் சொல்ல முன்னால் இன்னும் 4. மொத்தம் 20.

நிரப்பும் பைட்டையோ நீளத்துக்கான இடத்தையோ கணக்கில் விட்டால், தரவு ஒதுக்கிய எல்லையைத் தாண்டலாம். அதனால்தான் லினக்ஸின் என்எப்எஸ் நான்காம் பதிப்பு நிரலில் 255 பைட் பெயருக்கு 65 கட்டங்கள், அதாவது 260 பைட் ஒதுக்கப்படுகிறது. பழைய இரண்டாம், மூன்றாம் பதிப்புகளுக்கான லினக்ஸ் சேர்வர் நிரலோ, பஃபரின் முடிவைச் சில இடங்களில் சரிபார்க்கவில்லை. வெளியாள் ஒருவர் அனுப்பும் செய்தியே அதைக் குழப்பப் போதுமாயிருந்தது. 2017இல் அது திருத்தப்பட்டது.

ஆவணம் சேர்ப்பவர்களுக்கு இரண்டு விடயங்கள்: லினக்ஸில் பெயரின் வழமையான எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். சேர்வர் மென்பொருளின் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். நான் சேமிக்கும் கடிதங்களில் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை.