பசிப்பிணியும் பௌத்த அறமும்

செஞ்சி என்றதும் நினைவில் எழுவன மூன்று குன்றுகளை இணைத்து நிற்கும் கோட்டையும், தேசிங்குராசன் கதையுமே. செஞ்சி, அனந்தபுரம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வட்டாரம், கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்த சமண மரபையும் உடையது. சிங்கவரத்தை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசைக்கு 12ஆக இரு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள பழைய கல்வெட்டொன்று, 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது என்று அறிவிக்கின்றது. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்வோர் பெரிதும் போற்றும் கல்வெட்டு அது.

துன்பத்தைக் கலங்காது ஏற்றலே தவம் என்பதற்கு அக்கல் சான்று. ஆயின், தானே விரும்பி ஏற்ற பசி வேறு. வானம் பொய்த்தும் வறுமை சூழ்ந்தும் வந்த பசி வேறு. இவ்விரண்டையும் பௌத்தம் எவ்வாறு பிரித்துக் கண்டது என்பது தமிழ் வரலாற்றில் ஆராயத்தக்கது.

கடும்பட்டினியால் உடல் மெலிந்த சித்தார்த்தர், அவ்வழி மெய்யறிவு தாராது எனத் தெளிந்து, சுசாதை அளித்த பாற்சோற்றை உண்டபின்னரே போதியின்கீழ் அமர்ந்தார் என்பது பௌத்த மரபு. துன்பம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் நெறி என்னும் நான்கு வாய்மைகளைப் போதித்த அவர், ஆளவி நகரில் பசியோடு வந்த உழவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, பின்னரே அறம் உரைத்தார் எனத் தம்மபத உரை கூறும். பசித்தவன் செவியில் அறம் ஏறாது என்பதை அப்பெருமான் உணர்ந்திருந்தார்.

இவ்வுண்மையைத் தமிழில் காப்பியமாக்கியவர் சாத்தனார். மணிமேகலையின் 28ஆம் காதையில் காஞ்சி மாநகர் மழையின்றி வாடுகின்றது. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து, காணார், கேளார், ஆதரவற்றோர் அனைவருக்கும் உணவு வழங்குகிறாள். அதன் பின்னரே, 29, 30ஆம் காதைகளில், அறவண அடிகளிடம் அளவை நெறியையும் துன்பத்தின் காரணத் தொடரான பன்னிரு சார்புகளையும் கேட்கிறாள். சோறு முன்னும் தத்துவம் பின்னுமாக அமைந்த இம்முறைவைப்பே ஒரு போதனை எனலாம்.

அக்கலத்தை முன்னர்ப் பெற்றிருந்த ஆபுத்திரனும் நோன்பிருந்தே உயிர்விட்டான். ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, பிறர்க்கு அளிக்க இயலாத கலத்தால் தான் மட்டும் உண்ண அவன் உள்ளம் ஒப்பவில்லை. ஏற்கும் பசியையும் நீக்கும் பசியையும் ஒருவனிடத்தே காட்டிய காப்பியம் அது.

காஞ்சிக்கும் பஞ்சத்திற்கும் உள்ள தொடர்பு காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. கி.பி. 640 அளவில் அங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இலங்கையிலிருந்து வந்திருந்த ஏறத்தாழ 300 பிக்குகளைச் சந்தித்தார். மன்னன் இறந்தமையாலும் நாட்டில் பஞ்சம் நேர்ந்தமையாலும் அவர்கள் கடல் கடந்து வந்திருந்தனர். துன்பம் நேர்ந்தவிடத்து இடம்பெயர்தலும், வந்தவரை ஏற்றலும் சங்கத்தின் வழக்காக இருந்தமை இதனால் விளங்கும்.

1876-78இல் தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை உலுக்கியது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழிந்து, 1898இல், மணிமேகலையை உ.வே. சாமிநாதையர் அரிதின் ஆராய்ந்து பதிப்பித்தார். அதே ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒருவர் நூலை மீட்டார். மற்றவர் அந்நெறியை ஒடுக்கப்பட்ட மக்களின் தன்மதிப்புக்கு ஊன்றுகோலாக்கினார். உன் துன்பம் உன் விதி என்று கூறாது, துன்பத்திற்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்க வழியும் உண்டு என்று கூறிய நெறியில் அம்மக்கள் நம்பிக்கை கொண்டதில் வியப்பில்லை.

திருநாதர்குன்றின் கல் வணங்கத்தக்கது. தன் துன்பத்தைத் தாங்கும் உரம் அதில் உண்டு. ஆனால் பசித்தவன் முன் நின்று அக்கல்லைச் சுட்டிப் பொறுமை கற்பித்தல் அறமாகாது. அவனுக்கு உரியது அமுதசுரபியே. தமிழ்க் கவிஞர்க்குச் சாத்தனார் விட்டுச்சென்ற செல்வம் இவ்வேறுபாட்டை அறியும் அறிவேயாகும்.