அடை வைத்தல்

அந்தி மயங்கும்போது தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வீடுகளில் கேட்கும் கேள்வி, "கோழிய அடச்சாச்சா?" மேயப் போன கோழி கூடு சேர்வது அடைதல்; கூட்டின் வாயை மூடுவது அடைத்தல். முட்டைமேல் ஒடுங்கும் கோழியின் 'அடை'யும் இச்சொற்களோடு ஒட்டி நிற்பது.

அந்த ஒடுக்கத்துக்குத் தமிழ் மூன்று வினைகளைச் சேர்த்தது: அடைகிடத்தல், அடையிருத்தல், அடைகாத்தல். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் 'அடயிரிக்குக' என்பார்கள். இப்பக்கம் விளவங்கோட்டுப் பேச்சிலும் கோழி 'அட இருக்கும்', முட்டை 'விரியும்'. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. முட்டை பொரிக்கும் கருவியான இன்குபேட்டரின் பெயருக்கு வேரான லத்தீன் வினைக்கு 'மேலே கிடத்தல்' என்றே பொருள். நம் அடைகிடத்தலுக்கு அது நேர். காத்தல் அங்கே இல்லை.

கோழியில்லாமல் பொரிப்பது பழைய கலை. எகிப்தில் சாணக்குவியலின் சூட்டில் குஞ்சு பொரித்ததை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1749-இல் செயற்கைப் பொரிப்பு பற்றித் தனி நூலே வெளியிட்டார். பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிமுட்டைக் கருவியைக் கண்ட மகப்பேறு மருத்துவர் தார்னியே, 1880-ஐ ஒட்டிக் குறைமாதக் குழந்தைகளுக்கு அதுபோல் ஒன்று செய்வித்தார். நம் வீடுகளில் பலர் இன்குபேட்டர் என்ற சொல்லை முதலில் கேட்டது ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அந்தச் சூட்டுப்பெட்டி கோழியிடமிருந்து குழந்தைக்குப் போனது.

களியக்காவிளைக்குப் பக்கத்து மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீயோடு கோழி வளர்ப்பையும் குடும்பத் தொழிலாகப் பரப்பினார். இன்று அதே வட்டாரத்தில் தெர்மாகோல் பெட்டி, ஒரு பல்பு, சூடு கூடினால் அணைக்கும் தெர்மோஸ்டாட், ஒரு கிண்ணம் தண்ணீர் இருந்தால் வீட்டிலேயே குஞ்சு இறக்கிவிடலாம். புத்தகத் தமிழ் அதை 'அடைகாப்பான்' என்கிறது. வாய்ப்பேச்சில் பெட்டியின் பெயர் இன்குபேட்டர். செய்யும் வேலையோ இன்றும் 'அட வைக்கிறது'தான். கருவி மாறியும் வினை மாறவில்லை.

அந்த வேலையை அருகிலிருந்து பாருங்கள். காற்றாடி உள்ள பெட்டியில் சூடு 37.5 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு. தாய்க்கோழி அலகால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் இல்லாத பெட்டியில் நாளுக்கு மூன்று முறையாவது நம் கைதான் புரட்ட வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால், கரு பிடித்த முட்டைக்குள் சிவந்த ரத்தநாளங்கள் சிலந்திவலை போல விரிந்திருக்கும்; வெறுமையாகத் தெரிவதை விலக்கிவிடலாம். பதினெட்டாம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 65-க்கு மேல் ஏற்ற வேண்டும். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து, ஓட்டைக் கொத்திய குஞ்சு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இருபத்தோராம் நாள் முட்டை விரியும். அந்தக் குஞ்சுக்குத் தொல்காப்பிய மரபியல் சொல்லும் பெயர்கள் பார்ப்பு, பிள்ளை.

இதில் பல்பு செய்வது கிடத்தலும் இருத்தலும் மட்டுமே: சூடு தருகிறது, நகராமல் இருக்கிறது. கரண்டு போனால் ஓடிவருவது, வற்றிய கிண்ணத்தை நிரப்புவது, விரிந்த குஞ்சின் ஈரம் உலரும்வரை அவசரப்பட்டு வெளியே எடுக்காமலிருப்பது எல்லாம் மனிதர் பங்கு. தமிழில் காத்தல் என்றால் பேணுதல்; காத்திருத்தலும் அதிலிருந்து வந்ததே. ஆகவே அடைகாப்பான் என்ற பெயர் பெட்டிக்குப் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதிக்கு உரியவர், அந்த மூன்று வாரமும் பெட்டியை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர்.